13 வயதுப் பிள்ளைக்கு எந்தக் கதைப் புத்தகம்?

ஆகஸ்ட் பிறந்து ஈரோட்டில் புத்தகத் திருவிழா தொடங்கிவிட்டால், எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளை எட்டாவதுக்கு வந்துவிட்டாள், என்ன கதைப் புத்தகம் வாங்கலாமுங்க?" கேட்கிறவர்களில் தறிக்குடோன் வைத்திருப்பவர் உண்டு. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற அம்மா உண்டு. தோட்டத்து வீட்டிலிருந்து பிள்ளையை வேன் ஏற்றி டவுன் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. கேள்வியை முடிப்பதற்குள் விடையையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: "ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிற கதையாக இருந்தால் தேவலை." அந்த விடையோடு எனக்கு உடன்பாடில்லை. அதனால்தான், குடும்பம், வளர்பருவம், சொந்தச் சங்கடங்கள் ஆகியவற்றைப் பேசும் சில புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எப்போது யாருக்கு வாங்கலாம் என்று விரிவாக எழுதிவிடலாம் என உட்கார்ந்தேன்.

முதலில் 13, 14 வயது நம் பக்கத்தில் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் தலைவிதியை வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கிற வயது அது. மார்க் வாங்க வைக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பேர்போனது. ஒன்பதாம் வகுப்பிலேயே அங்கே கொண்டுபோய் விடுவதா என்ற பேச்சு இந்த வயதில்தான் கிளம்புகிறது. இன்னொரு வீட்டில், பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்தி நூற்பாலைக்கு அனுப்பலாமா என்று பேசுகிறார்கள். நிலம் பாகம் பிரிகிறது, அப்பாருவும் ஆத்தாவும் யார் வீட்டில் இருப்பது என்று சித்தப்பாவும் பெரியப்பாவும் முகம் கொடுத்துப் பேசாமல் போகிறார்கள். பைனான்ஸ்காரர் வாசலில் வந்து நிற்கிறார். இவை அனைத்தும் பிள்ளையின் காதில் விழுகின்றன. பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. "நீ படிக்கிற வேலையைப் பார் கண்ணு" என்று மட்டும் சொல்கிறோம்.

ஆகவே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். கதையில் வரும் பிள்ளை தானாக ஏதாவது ஒன்றை முடிவெடுக்கிறதா? முடிவெடுக்கும்போது பக்கத்தில் துணைக்குப் பெரியவர் ஒருவராவது நிற்கிறாரா? விருது, விலை, பக்கங்களின் எண்ணிக்கை எல்லாம் இதற்குப் பிறகுதான். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வரும் கதைகள் மோசமான கதைகள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் மொழியின் மிகச் சிறந்த கதைகள் சில அந்த வகைதான். ஆனால் அவற்றைக் கொடுக்கும் விதம் வேறு.

திருவிழாவின் பாதிக் கடைகளில் சிறுவர் பகுதி என்றால் பஞ்சதந்திரம், தெனாலிராமன், நீதிக்கதைத் தொகுப்பு, அதற்கடுத்து முன்னேற்ற நூல்கள். ஆறு, ஏழு வயதுக்கு நீதிக்கதை சரி. 13 வயதுப் பிள்ளை கதையின் கடைசி வரியை முதல் பக்கத்திலேயே ஊகித்துவிடும். தன்னைத் திருத்தத்தான் இதைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளும். புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். இதைவிடச் சாகசக் கதை எவ்வளவோ மேல். நம் மண்ணிலேயே பெ. தூரன் இருந்தார். ஈரோடு பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908இல் பிறந்தவர். தமிழில் முதல் கலைக்களஞ்சியத்தையும், 10 தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் உருவாக்கித் தந்தவர். அந்த மாபெரும் வேலைகளுக்கு நடுவே 'கொல்லிமலைக் குள்ளன்' போன்ற சாகசக் கதைகளையும் சிறுவர்களுக்காக எழுதினார். பத்து வயதில் வாசிப்புக்குள் நுழைய அந்த வகைக் கதை நல்ல வாசல். ஆனால் சாகசக் கதையில் வீட்டை விட்டு வெளியே போனால்தான் எல்லாம் நடக்கும். வீட்டுக்குள் நடப்பதைத் தாங்கிக்கொள்ளத் தவிக்கும் பிள்ளைக்கு அதற்கு அடுத்த புத்தகம் தேவை.

வீட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டிலும் நடப்பதை நேராகப் பேசும் சிறார் நாவல் என்றால் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' முதலில் வரும். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற நாவல். மரப்பாச்சிப் பொம்மை ஒன்று உயிர்பெற்று ஒரு சிறுமியோடு பேசுகிறது. பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொள்ளும் பெரியவர்களைப் பற்றி வெளியே சொல்லலாம், சொல்ல வேண்டும் என்ற தைரியம் அந்தப் பேச்சின் வழியே வருகிறது. என் இரண்டு கேள்விகளுக்கும் இந்த நாவல் 'ஆம்' என்கிறது. வாக்கியங்கள் சிறியவை, கதை ஓட்டமாகப் போகிறது, பயமுறுத்துவதில்லை.

இதை எட்டாம் வகுப்புவரை காத்திருந்து கொடுக்காதீர்கள் என்பதே என் ஒரே வேண்டுகோள். ஒன்பது, பத்து வயதிலேயே கொடுக்க வேண்டிய புத்தகம். 13 வயதுக்குக் கொஞ்சம் சின்னதாகப் போய்விடும். உயிர்பெறும் பொம்மையைக் கண்டு அந்த வயதுப் பையன்கள் சிரிப்பார்கள். பெண் பிள்ளைக்கு மட்டும் வாங்குவதும் சரியில்லை. தோட்டத்து வீடுகளில் சுற்றுவட்டத்தில் வேறு வீடு இருக்காது. பிள்ளைகள் தனியாக இருக்கும் நேரம் அதிகம். வந்துபோகிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள். பையன்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தபோதே ஆண், பெண் என்று பிரிக்காமல் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றுதான் சொன்னது. எங்கள் வட்டத்துப் பிரதியின் கடைசித் தாளில் 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். முன்னது குழந்தைகளுக்கான உதவி எண். பின்னது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். புத்தகம் திரும்பி வரும்போது அந்தத் தாளின் மூலை மடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதுதான் எனக்கு மிகக் கடினமான கேள்வி. கையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டும் கேள்வி கேட்கும் பெண் பிள்ளையைப் பற்றியவை. இரண்டும் ஆசிரியர்களுக்குப் பெரிதும் பிடித்தவை. ஒன்று இரா. நடராசனின் 'ஆயிஷா'. மற்றது தெத்சுகோ குரோயநாகி எழுதிய 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'.

'ஆயிஷா' சின்னஞ்சிறு நூல். ஒரே அமர்வில் முடிந்துவிடும். அறிவியலில் தீராத ஆசை கொண்ட மாணவி. அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தெரியாத ஆசிரியர்கள் பிரம்பை எடுக்கிறார்கள். அடி வலிக்காமலிருக்க, உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன் மீதே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். அவளுடைய அறிவியல் ஆசிரியை குற்றவுணர்வோடு சொல்வதாகக் கதை எழுதப்பட்டிருக்கிறது. தமிழகத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் இதைப் படித்த பிறகு பிரம்பைத் தொட யோசித்திருப்பார்கள். அந்த அளவுக்கு வலிமையான நூல்.

அந்த வலிமைதான் என்னைத் தயங்க வைக்கிறது. கதையில் பிள்ளை முடிவெடுக்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. புரிந்துகொண்ட ஒருவரும் காலம் கடந்துதான் புரிந்துகொள்கிறார். விடுதியில், விளக்கணைத்த பிறகு, மார்க் குறைந்ததற்காக அன்றைக்குத் திட்டு வாங்கிய பிள்ளை இதைத் தனியாகப் படித்தால் அதன் மனதில் எது தங்கும்? செத்த பிறகாவது புரிந்துகொள்வார்கள் என்பது தங்கிவிடக் கூடாது. என்னைக் கேட்டால், 'ஆயிஷா' பெரியவர்களுக்கான கதை. பெற்றோர் படிக்க வேண்டும், ஆசிரியர் படிக்க வேண்டும், விடுதிக் காப்பாளர் கட்டாயம் படிக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுப்பதானால் கூட உட்கார்ந்து, உரக்கப் படித்து, படித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் படித்தபோது, முதலில் வாயைத் திறந்தவள் அதுவரை அதிகம் பேசாத ஒன்பதாம் வகுப்புப் பெண். "அவளுடைய டீச்சர் முன்னாலேயே ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கலாமுங்க அக்கா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அன்று மாலை முழுக்கப் பேசினோம். பேச ஆள் இருந்ததால் அந்தக் கதை எங்களுக்கு நன்மை செய்தது.

அவள் கேட்ட டீச்சர் 'டோட்டோ-சான்' புத்தகத்தில் இருக்கிறார். இது நாவல் இல்லை, தன் பள்ளி நாட்களைப் பற்றி ஆசிரியர் எழுதிய நினைவுக் குறிப்பு. ஆனால் கதையாகவே ஓடும். 1981இல் ஜப்பானில் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி அவள். மேசைப் பலகையை ஓயாமல் திறந்து மூடுவாள். ஜன்னலில் நின்று தெருவில் போகும் பாட்டுக்காரர்களைக் கூப்பிடுவாள். அவளை வேறொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறார் அம்மா. வகுப்பறைகளாக மாறிவிட்ட பழைய ரயில் பெட்டிகள்தான் அந்தப் பள்ளி. தலைமையாசிரியர் கோபயாஷி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உனக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ எல்லாவற்றையும் சொல் என்கிறார். அவள் நான்கு மணி நேரம் பேசுகிறாள். அவர் கொட்டாவி விடாமல், கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்கிறார்.

அதே புத்தகத்தில் இன்னொரு இடம். அவளுடைய ஆசைப் பணப்பை கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. யாரிடமும் சொல்லாமல் நீண்ட பிடி போட்ட அகப்பையை எடுத்துவந்து, குழியிலிருப்பதை எல்லாம் அள்ளி வெளியே மலைபோலக் குவித்துத் தேடுகிறாள். அந்த வழியாக வரும் கோபயாஷி, என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். பணப்பையைத் தேடுகிறேன் என்கிறாள். நடந்துகொண்டே, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். பணப்பை கிடைக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போடுகிறாள். அவளை யாரும் திட்டவுமில்லை, உதவி செய்கிறேன் என்று வேலையைப் பிடுங்கிக்கொள்ளவுமில்லை. பிள்ளை முடிவெடுக்கிறது, பெரியவர் இரண்டடி தள்ளி நிற்கிறார். நான் தேடுவது இதைத்தான். இளம்பிள்ளை வாதத்தால் கைகால் பாதிக்கப்பட்ட நண்பனை அவள் தன் மரத்தின் மேல் ஏற்றிவிடும் அத்தியாயம் ஒன்று உண்டு. பிறகு அந்த நண்பன் இறந்துபோவதும் உண்டு. 1945இல் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோகிறது. ஆகவே இனிப்புத் தடவிய புத்தகம் என்று ஒதுக்க முடியாது. சாவும் போரும் வருகின்றன. ஆனால் பிள்ளை தனியாக விடப்படவில்லை.

விடுதிக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் வைக்க ஒரே ஒரு புத்தகம் என்றால் என் வாக்கு 'டோட்டோ-சான்' புத்தகத்துக்கே. கதை நடக்கும் வயது ஆறு, ஏழுதான். 13 வயதுப் பிள்ளை இதைச் சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று முகம் சுளிக்க வாய்ப்பு உண்டு. முதல் மூன்று அத்தியாயங்களை அம்மாவோ அப்பாவோ படித்துக் காட்டிவிட்டால் அந்தத் தடை விலகிவிடும்.

வேலை, சாதி, கல்யாணம் ஆகியவை பிள்ளைப் பருவத்தை இடையில் வெட்டுவதைப் பேசும் புத்தகங்களை அடுத்து எடுத்துக்கொள்கிறேன். நம் பகுதிக்கு இவை மிக அவசியம். பெற்றோர் மிகவும் தயங்குவதும் இவற்றுக்குத்தான்.

சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' சோவியத் காலத்திலிருந்தே தமிழில் கிடைக்கிறது. கிர்கீசியாவின் ஒரு மலைக் கிராமத்தில் 1924இல் நடக்கும் கதை. அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்த தூய்ஷேன் என்ற இளைஞன் பழைய குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளி தொடங்குகிறான். குளிர்காலத்தில் பனி உறைந்த ஓடையைப் பிள்ளைகள் கடக்க முடியாமல் நிற்க, தோளிலும் கையிலும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கடக்கிறான். குதிரையில் போகிற பணக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லாத அல்தினாய் என்ற பெண் சித்தி வீட்டில் வளர்கிறாள். சித்தி அவளை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் காசுக்குக் கொடுத்துவிடுகிறாள். தடுக்கப் போன தூய்ஷேனின் கையை ஒடித்துப் போடுகிறார்கள். அவன் ஒடிந்த கையோடு காவலர்களைக் கூட்டிவந்து அவளை மீட்கிறான், நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். பல ஆண்டுகளுக்குப் பிறகு பெரிய கல்வியாளராகத் திரும்பிவரும் அவளுக்கு ஊரில் விருந்து வைக்கிறார்கள். அந்த நேரத்தில் தூய்ஷேன் கிழட்டுத் தபால்காரராகக் கடிதம் கொடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்.

பத்தாவதோடு நிறுத்திவிடலாமா என்று பேசப்படும் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கதையை நான் படித்ததில்லை. சித்தி செய்வது அநியாயம் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தைரியம் வருகிறது. ஏனென்றால் அந்தச் சித்தி கிர்கீசியாவில் இருக்கிறாள், நம் வளவில் இல்லை. தூரம் தரும் பாதுகாப்பு அது. அந்தப் பெண்ணின் மீது நடக்கும் வன்முறையை ஆசிரியர் அடக்கமாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் 14 வயதுக்கு முன்னால் வேண்டாம். பெயர்கள் வாயில் நுழைய ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

தூரமே இல்லாத புத்தகம் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000இல் வந்தது. திருச்செங்கோடு பக்கத்து மேட்டுக்காடு, ஆட்டுப்பட்டி, பனைமரம், கிணறு. கவுண்டர் பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்ட அருந்ததியர் சிறுவன் கூளையன். அவனோடு ஆடு மேய்க்கும் நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி ஆகிய பிள்ளைகள். பண்ணையக்காரர் மகன் செல்வன் விளையாட்டில் தோழன், விளையாட்டு முடிந்ததும் எசமான். தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாள்தான் தொடர முடிந்தது. அதே நாவலில் மழைக்குப் பிறகு காட்டில் பிள்ளைகள் ஆடும் ஆட்டமும், ஆடுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடும் பாசமும் இருக்கின்றன. குழந்தைப் பருவத்தின் ஆனந்தமும் கொடுமையும் ஒரே காட்டில் ஒரே பகலில் நடக்கின்றன.

இது சிறார் நாவலாக எழுதப்பட்டதில்லை. வசவுகள் உண்டு, உடம்பைப் பற்றிய பேச்சு உண்டு. முடிவில் கூளையன் பக்கத்தில் எந்தப் பெரியவரும் இல்லை. பெற்ற தகப்பனே கூலியை வாங்கிக்கொண்டு விட்டுப்போனவன்தான். என் இரண்டாவது கேள்விக்கு மிகக் கடுமையான 'இல்லை' இங்கேதான் கிடைக்கிறது. பெருமாள்முருகன் பெயரைக் கேட்டாலே, எதற்கு வம்பு என்று ஒதுங்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்குக் கிளம்பிய எதிர்ப்பு வழக்காகி, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்தத் தயக்கம் முழுதாகப் போகவில்லை.

ஆனாலும் கொங்கு நாட்டில் வளரும் பிள்ளை 18 வயதுக்கு முன் இந்த நாவலைப் படித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பண்ணையத்து வீட்டுப் பிள்ளையும் படிக்க வேண்டும், பண்ணையத்தில் வேலை செய்த வீட்டுப் பிள்ளையும் படிக்க வேண்டும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்தால் சங்கடம் வரும். அந்தச் சங்கடத்தை நடத்திக் கொடுக்கத் தெரிந்த பெரியவர் அறையில் இல்லாவிட்டால், வகுப்பில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் நிலை வந்துவிடும். அந்தப் பார்வை எந்தப் புத்தகத்தாலும் ஆறாத காயம். அதனால் 15, 16 வயதில், துணையோடு.

அந்த வயதுவரை பாலமாக வைத்துக்கொள்ள இதே எழுத்தாளரின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' இருக்கிறது. 2016இல் வந்த நாவல். ஒரு கிழவன் கையில் வந்து சேரும் கருத்த ஆட்டுக்குட்டி, அதை வளர்க்கும் கிழவி, பஞ்சம், ஆடுகளுக்கெல்லாம் கணக்கு எழுதிக் காது குத்தும் அரசாங்கம். அநாதைத்தனம், பசி, முதல் காதல், தாய்மை எல்லாம் ஓர் ஆட்டின் வழியாகச் சொல்லப்படுவதால் எந்தச் சாதிப் பிள்ளையும் தயங்காமல் உள்ளே போகிறது. காங்கேயம் பக்கம் கிளுவை வேலிக்குள் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆடுகளின் இணைசேர்க்கை பற்றிய பகுதிகளுக்குச் சில பெற்றோர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். ஆடு வளர்க்கும் ஊரில் பிள்ளைகள் அதைப் பார்க்காமலா வளர்கிறார்கள்? 14 வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மேல்நிலை வகுப்புக்குப் போனவர்களுக்குத் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' இருக்கிறது. 2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் பகுதிக் குடிநாவிதர் குடும்பமொன்றின் உறவுகளும் பிரிவுகளும் அதில் வருகின்றன. சொந்தபந்தம் என்றால் என்ன என்று புரிய ஆரம்பித்த வயதில்தான் அது பேசும். விடுதிப் பள்ளியின் உள்ளறையை, இரண்டாம் ஷிப்ட் முடிந்து அம்மா வரும்வரை தம்பிக்குச் சோறு போடும் திருப்பூர் பெண்ணை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோருடன் வந்து தமிழ்ப் பள்ளியில் உட்காரும் பிள்ளையை நாயகராக்கி, 13 வயதுக்கென்றே எழுதிய நாவலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுதக் கூடியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள், தயவுசெய்து எழுதுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குத் தமிழில் ஒரு பக்கம் படிக்க மூச்சு வாங்குகிறது. வயது 13 என்றாலும் தமிழ் வாசிப்பு எட்டு வயதில் நின்றிருக்கும். அந்தப் பிள்ளைக்கு 200 பக்க நாவலைக் கொடுத்துவிட்டு, படிக்கவே மாட்டேன் என்கிறான் என்று குறை சொல்வது நியாயமில்லை. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளுக்கு வரும் 'தேன்சிட்டு' இதழைக் கேட்டு வாங்கிக் கொஞ்ச நாள் படிக்க விடுங்கள். அல்லது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த அம்மாயி வீட்டில் இருந்தால் அவரைவிட நல்ல ஆள் கிடையாது. கூளையனின் காட்டை அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

இந்த ஆண்டு நான் வாங்கப் போவதைச் சொல்கிறேன். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கொரு பிரதி வீட்டிலேயே இருக்கும்படி. எட்டாம் வகுப்புக்கு 'டோட்டோ-சான்'. அதை முடித்தவர்களுக்கு 'முதல் ஆசிரியர்', 'பூனாச்சி'. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் பிள்ளை விடுதிக்குப் போகிறதா, வீட்டிலிருந்து படிக்கிறதா என்று கேட்பேன். விடுதி என்றால் 'டோட்டோ-சான்'. வீடு என்றால், 14 நிறைந்ததும் 'முதல் ஆசிரியர்'. அதை முதலில் அப்பா படித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 'ஆயிஷா' பிரதிகளைப் பெற்றோர் கூட்டத்துக்கென்று தனியாக வாங்குகிறேன். 'கூளமாதாரி' என் மேசை இழுப்பறையில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து மே மாத விடுமுறை தொடங்கியதும், சேர்ந்து படிக்க வருகிறோம் என்று சொல்லும் பிள்ளைகளோடு முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவோம்.